ஒற்றைச் செருப்பும் திங்கட்கிழமைக் கூட்டமும்

என் அக்காவுக்குப் பிடிக்காத வார்த்தைகள் இரண்டுதான்: "அப்புறம் சொல்றேன்." திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வாள். திட்டுகிறவர்கள் நேருக்கு நேர் நின்று திட்டுவார்கள், உதடு தெளிவாக அசையும். அப்புறம் சொல்கிறேன் என்கிறவர்கள் சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போனது. பேச்சு தங்கிவிட்டது. குரலுக்குத்தான் அளவு தெரியாது; திடீரென்று உயரும், திடீரென்று தரையோடு தரையாகிவிடும். ஒருமுறை பஸ்ஸில், ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அந்த ஆளு சட்டையைத் திருப்பிப் போட்டிருக்காரு பாரு" என்றாள். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

காதில் மெஷின் வைத்துப் பார்த்தோம். இரைச்சல் பெரிசானதே தவிர சொல் வரவில்லை. கழற்றி பீரோவில் போட்டுவிட்டாள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள் என்று சொன்னால் ஆட்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள். பார்வை பாதிதான், மீதி ஊகம். பகல் முழுக்க ஊகித்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வரும்போது அவள் கண்கள் சிவந்துபோயிருக்கும். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சுவர் ஒன்றுதான் எதுவும் சொல்லாது.

நான் அவர்களோடுதான் இருக்கிறேன்: அக்கா, அத்தான், அவர்களுடைய மகள். எங்கள் வீட்டில் முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும். அக்காவைக் கூப்பிட வேண்டுமானால் லைட்டை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். அத்தான் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவர், ஆகவே எங்கள் வீட்டு ஸ்விட்சுகள் எல்லாம் கிரீஸ் பட்டுக் கருப்பு. கல்யாணமான புதிதில் அவருக்கு வாயைக் கையால் மறைத்துப் பேசும் பழக்கம் இருந்ததாம். அக்கா அந்தக் கையைத் தட்டித் தட்டியே விடவைத்தாள். மகள் கோபம் வந்தால் முதுகைக் காட்டி நின்று முணுமுணுப்பாள். "முதுகு என்னவோ சொல்லுதே. முன்பக்கம் வந்து சொல்லச் சொல்லு" என்பாள் அக்கா. சண்டை என்று வந்தால் மட்டும் எங்களால் ஜெயிக்க முடியாது. அவள் கண்ணை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் வாயை அசைத்துக்கொண்டு நிற்போம்.

அவள் வேலை செய்கிற இடம் ஒரு அறக்கட்டளை. வீடுகளிலிருந்து பழைய துணி, போர்வை, செருப்பு, புத்தகம் எல்லாம் வேனில் வரும். தகரக் கூரை போட்ட நீளமான ஹாலில் பிரித்து, துவைத்து, தைத்து, இஸ்திரி போட்டு விடுதிகளுக்கும் காப்பகங்களுக்கும் அனுப்புவார்கள். அக்கா தையலுக்குச் சேர்ந்தாள். இப்போது துணி பிரிக்கும் மேஜை அவளுடையது. ஒரு போர்வையைக் கையில் எடுத்து உதறினால் போதும், அது யாரிடம் போகலாம், எங்கே தையல் விட்டிருக்கிறது என்று அடுத்த மேஜைக்குச் சொல்லிக்கொண்டே மடிப்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குவதும் அவள்தான். ஹாலின் கடைசியில், இரும்பு அலமாரிக்குப் பின்னால், புத்தகங்கள் என் பாடு.

அங்கே ஒரு பெட்டி உண்டு, ஒற்றைச் செருப்புப் பெட்டி. ஜோடியில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை வீட்டிலேயே மறந்துவிடுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். இணை என்றைக்காவது வரும் என்று அறக்கட்டளையில் ஒற்றைகளைத் தூக்கிப் போடுவதில்லை. கழுவிக் காயவைத்து அந்தப் பெட்டியில் போடுவார்கள். இணை அநேகமாக வராது. ஆனாலும் கழுவுவார்கள்.

அக்காவிடம் அங்கே எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேன் வந்தால் மணி அடிப்பது அவளுக்குக் கேட்காது என்று அவள் மேஜைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு மாட்டினார்கள். வாசலில் அவள் சிரிக்கிற படத்தைப் பெரிதாக்கி, 'எல்லோருக்கும் இங்கே இடமுண்டு' என்று அடியில் எழுதி வைத்தார்கள். "அக்கா சுவத்துலயும் சிரிக்கிறாங்க, உள்ளயும் சிரிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சம்பளமா?" என்று வேன் டிரைவர் கேட்பார். எல்லோரும் அவளிடம் சத்தமாகப் பேசினார்கள். சத்தம் போட்டால் வாய் கோணிக்கொள்ளும், உதடு படிக்க முடியாது. எத்தனையோ தடவை சொன்னாள். தலையாட்டிவிட்டு இன்னும் சத்தமாகப் பேசினார்கள்.

பிரச்சினை திங்கட்கிழமைக் கூட்டத்தில் இருந்தது. வாரத்தின் வேலை எல்லாம் அங்கேதான் முடிவாகும். துணி மூட்டைகள்மேல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். செயலாளர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பார். வெளிச்சம் பின்னால், முகம் இருட்டு. போதாததற்கு மீசை. மேலுதட்டை மூடிக் கீழுதட்டின் ஓரம்வரை கூரையின் இறவாரம் போல இறங்கும் மீசை. வீட்டில் அக்கா அவரைத் திரை என்றுதான் சொல்வாள். "இன்னிக்குத் திரை ரொம்ப நேரம் அசைஞ்சுது. என்ன படம்னு தெரியல."

எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரிப்பாள். "என்ன?" என்று பக்கத்தில் உட்காரும் இஸ்திரியம்மாவைக் கேட்பாள். இஸ்திரியம்மா கையைக் காட்டுவார்: அப்புறம் சொல்றேன்.

ஒரு திங்கட்கிழமை, பூட்டிக் கிடந்த ஒரு தங்கும் விடுதியிலிருந்து வந்த மூட்டைகளில் மூட்டைப்பூச்சி இருப்பதாகவும், வெந்நீரில் போடும்வரை அவற்றைத் தொடக்கூடாது என்றும் கூட்டத்தில் பேசினார்கள். அன்றைக்கு நான் புத்தகம் எடுக்க வேனில் போயிருந்தேன். இருந்திருந்தாலும் புத்தகப் பிரிவைக் கூட்டத்துக்குக் கூப்பிடும் வழக்கமில்லை. இரண்டு நாள் கழித்து அக்கா அந்த மூட்டைகளைப் பிரித்தாள். போர்வைகள் பளிச்சென்று இருந்தன. மடித்து மாணவர் விடுதிக்கு அனுப்பினாள்.

அந்த வாரமே போர்வைகள் திரும்பி வந்தன. கூடவே விடுதிக் காப்பாளரும் வந்தார், கழுத்தெல்லாம் தடிப்போடு.

யாரும் அக்காவைத் திட்டவில்லை. "பாவம், மறந்துட்டாங்க போல" என்றார்கள். அவளுக்குப் பொறுக்காமல் போனது அதுதான். அப்போது ஹால் பொறுப்பாளர் வேலையை விட்டு மகன் ஊருக்குப் போகிற நேரம். அடுத்த பொறுப்பாளர் அக்காதான் என்று ஏறக்குறைய எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போர்வைகள் திரும்பி வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது.

அன்று வீட்டில் அத்தான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, முகத்தைக் காட்டிச் சொன்னார்: "விட்டுட்டு வா. வீட்டுலயே மெஷின் போட்டுக்கலாம். நீ தைக்கற தையலுக்கு ஆளுங்க வாசல்ல நிப்பாங்க."

"நான் ஏன் விடணும்?"

"தப்பே பண்ணாம பழி சுமக்கணுமா?"

"தப்பு பண்ணாதவ எதுக்குங்க வேலைய விடணும்? அப்படி விட்டா, ஆமா, மறந்துட்டேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

"அதுக்கில்ல..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் என்னைப் பார்த்தார். "முடிஞ்சுபோச்சு, கோர்ட்டு கலைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை அக்கா செயலாளர் அறைக்குப் போனாள். மீசைக்கு மொழிபெயர்ப்பாளராக என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். செயலாளர் நல்லவர். எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க அக்காவை மனசு கஷ்டப்பட வேண்டாம்னு சொல்லுப்பா" என்றார்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியே தையல் மெஷின்கள் நின்றன. "அவனுக்கு மனசு கஷ்டம் ஒண்ணுமில்ல."

செயலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"பூச்சி மூட்டையை நான் மறந்து அனுப்பல. எனக்குத் தெரியாது."

"கூட்டத்துல பேசினோமேம்மா. நீங்களும் உக்காந்திருந்தீங்க."

நான் அவர் சொன்னதை உதட்டில் சொன்னேன்.

"உக்காந்திருந்தேன். அந்த மூட்டை மேலகூட உக்காந்திருந்திருப்பேன். நீங்க பேசினது எனக்கு வரல."

செயலாளர் பேனாவை மூடினார், திறந்தார். "சரி. இனிமே கூட்டம் முடிஞ்சதும் என்ன முடிவாச்சுன்னு எழுதிக் குடுத்துடறோம். சரிதானே?"

"எழுதிக் குடுக்கறது முடிவு சார். நான் கேக்கறது பேச்சு. பேசும்போது நானும் இருக்கணும். எனக்கும் அதுல ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு இருக்கும்."

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு, சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றை மீசைக்குள்ளேயே சொன்னார். நான் அதை அக்காவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது, எனக்கும் கூச்சமாக இருந்தது. "ஹால் பொறுப்புன்னா கூட்டம் நடத்தணும். உன்னால எப்படி முடியும்னு கேக்கறாரு."

"அதானா?" என்றாள். ஏதோ பாரம் இறங்கியதுபோல நாற்காலியில் சாய்ந்தாள். "அடுத்த திங்கட்கிழமை நான் நடத்தறேன். என் முறையில. எல்லாரும் வரணும், புத்தகக்காரன்கூட. சரியா வரலன்னா வேற யாரை வேணா போடுங்க, நான் வாயத் திறக்கல."

செயலாளர் தலையாட்டினார். அவள் எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பி, "சார், அந்த மீசையைக் கொஞ்சம் குறைச்சீங்கன்னா..." என்றாள்.

அவர் கை தானாக மீசைக்குப் போனது. "இது காலேஜ்லேருந்து இருக்கற மீசைம்மா. என் சம்சாரம்கூட இதைக் கேட்டதில்ல."

"அவங்களுக்குக் காது கேக்குது" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை அவள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். நான் போனபோது மூட்டைகளெல்லாம் சுவரோரம் போயிருந்தன. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒரே ஒரு நாற்காலி, அது அவளுக்கு. எல்லோர் முகத்திலும் வெளிச்சம் விழும், அவளுக்கு எதிரே உட்காரப்போகும் செயலாளர் முகத்தில் முழுசாக. கையில் ஒரு மர ஹேங்கர்.

"இது யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும்" என்றாள். "பேசி முடிச்சா அடுத்த ஆளுக்குக் குடுக்கணும். குடுக்கும்போது எனக்குத் தெரியும், அடுத்து யார் வாயைப் பார்க்கணும்னு. அவ்வளவுதான் சட்டம்."

சட்டம் தேநீர் ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. முதலில் பேசிய தையல்காரர் ஹேங்கரை மடியில் வைத்துக்கொண்டு பேசினார், பிறகு அதை மறந்தே போனார். டிரைவர் நடுவில் புகுந்தார். அவருக்கு இரண்டு பேர் பதில் சொன்னார்கள். ஹேங்கர் ஒரு பக்கம் கிடந்தது, பேச்சு இன்னொரு பக்கம் ஓடியது. அக்காவின் தலை அங்கும் இங்கும் திரும்பிக்கொண்டிருந்தது, பந்தைத் தொலைத்துவிட்ட ஆட்டக்காரி மாதிரி. இஸ்திரியம்மா அவள் முழங்கையைத் தொட்டு, உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்பது எதிரே இருந்த எனக்கே தெரிந்தது.

அக்கா எழுந்தாள். போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். செயலாளரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; பாதி எழுந்து நின்றார். அவள் நேராக ஒற்றைச் செருப்புப் பெட்டிக்குப் போனாள். குனிந்து கிளறினாள். ஒரு மஞ்சள் ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பெரிய கால் ஒன்றின் வலது செருப்பு. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. செருப்பு கையில் ஏறினால் யாராக இருந்தாலும் வாய் மூடும்.

"ஹேங்கரை மறந்துடறீங்க. இதை மறப்பீங்களா?" என்றாள்.

டிரைவர்தான் முதலில் சிரித்தார். "அக்கா, கூட்டத்துல செருப்பு எடுக்கறது நல்லதில்லக்கா. எங்க தெருவுல எடுத்தா கூட்டமே முடிஞ்சிடும்."

"இங்க எடுத்தாத்தான் கூட்டம் தொடங்கும். இந்தாங்கண்ணே, பிடிங்க. இப்ப பேசுங்க."

டிரைவர் அதை வாங்கிக்கொண்டார். கையில் செருப்போடு அவருக்குப் பேச்சு வரவில்லை. அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு பேச்சு மெதுவானது. ஒருவர் பேசி முடித்துச் செருப்பை நீட்டும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். யாராவது நடுவில் வாய் திறந்தால் டிரைவர், "செருப்பு வாங்கிட்டுப் பேசுப்பா" என்பார். அன்றைக்குப் பேச வேண்டியிருந்தது, சந்தேகமான மூட்டைகளை இனி என்ன செய்வது என்பது. செருப்பு இஸ்திரியம்மாவிடம் வந்தது. இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் அவர் குரலை நான் கேட்டதில்லை. செருப்பை முந்தானையால் துடைத்தார்.

"எல்லாரும் நான் சொல்லியிருக்கணும்னு நினைக்கறீங்க" என்றார். "பக்கத்துல உக்காந்தா நான்தான் சொல்லணும்னு யாரு சொன்னது? உங்க பேச்சுல பாதி எனக்கே புரியல. ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து பேசினா நான் எதைச் சொல்றது? அதான் அப்புறம், அப்புறம்னு..." அக்கா பக்கம் திரும்பினார். "கண்ணு, எனக்கும் தெரியாதுடி அந்தப் பூச்சி விஷயம்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். செருப்பும் சேர்ந்து அந்தப் பிடிக்குள் இருந்தது.

அடுத்தது நான். செருப்பு கைக்கு வந்துவிட்டால் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். புத்தகப் பெட்டிகளின் மடிப்பிலும் பூச்சி ஒட்டிக்கொண்டு வரும், அதே விடுதியிலிருந்து வந்த பெட்டி ஒன்று இன்னும் என் அலமாரிக்கடியில் இருக்கிறது என்றேன். செயலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். டிரைவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. செருப்பை என் கையிலிருந்து பிடுங்கினார். "அங்கதான் ஏற்கெனவே ஒரு பூச்சி உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்கே!"

விடுதிகளிலிருந்து வருகிற எதுவும் ஹாலுக்குள் வராமல் வெளிக் கொட்டகையிலேயே இருக்க வேண்டும், சிவப்புக் கயிறு கட்டிய மூட்டையை வெந்நீர் பார்க்காமல் யாரும் பிரிக்கக்கூடாது என்று முடிவானது. கயிறு அக்காவின் யோசனை. துவைக்கிறவர்கள் அதில் ஒரு திருத்தம் சொன்னார்கள். கயிற்றை அவிழ்க்கும் வேலை அவர்களுடையதாக மட்டும் இருக்க வேண்டுமாம். அக்கா அதைக் கவனமாகப் பார்த்து, "சரிதான், அதுதான் சரி" என்றாள்.

கடைசியில் செருப்பு செயலாளரிடம் போனது. அவர் எழுந்து நின்று பேசினார். வெளிச்சம் முகத்தில் நன்றாக விழுந்தது. மீசையிலும் விழுந்தது.

"வரல சார்" என்றாள் அக்கா.

மறுபடி சொன்னார், கொஞ்சம் சத்தமாக.

"வரல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கண்கள் செயலாளரிடமே இருந்தன. கெஞ்சலோ கோபமோ இல்லாமல், பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போல அவ்வளவு சாதாரணமாகக் காத்திருந்தாள். அவர் சுற்றிப் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. வலது கையில் மஞ்சள் செருப்பு. இடது கையின் இரண்டு விரலால் மீசையைத் திரை தூக்குவதுபோல மேலே தூக்கினார். அடியில், வெயிலே படாத வெளுத்த உதடு.

"விடுதிக் காப்பாளர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "தப்பு உங்களுது இல்ல, எங்க கூட்டத்துதுன்னு."

அக்கா தலையசைத்தாள். "இது வந்துடுச்சு சார்."

கூட்டம் முடிந்து நாற்காலிகள் இழுபட ஆரம்பித்தன. செயலாளர் செருப்பை நாற்காலியில் வைத்துவிட்டு டிரைவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ சொன்னார். முதுகு எங்கள் பக்கம் இருந்தது. டிரைவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"சார்" என்று அக்கா ஹால் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். "முதுகு என்னவோ சொல்லுதே."

அவர் திரும்பினார். "ஒண்ணுமில்லம்மா, அப்பு..." அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்து நாற்காலியிலிருந்து செருப்பை எடுத்தார். மீசையைத் தூக்கினார்.

"அறக்கட்டளைக் கமிட்டி கூட்டத்துக்கும் பெட்டியிலேருந்து ஒரு செருப்பு எடுத்து வைக்கச் சொன்னேன். இனிமே நீங்க அங்கயும் வரணும். ஹால் உங்க பொறுப்பு."

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். "புரியல சார். இன்னொரு தடவை?"

அவர் இன்னொரு தடவை சொன்னார். இஸ்திரியம்மா கை தட்டினார், பிறகு தட்டினால் கேட்காது என்று நினைவு வந்து, ஓடிப்போய் சிவப்பு பல்பை அணைத்து அணைத்துப் போட்டார். வேன் வந்துவிட்டதென்று நினைத்து இரண்டு பேர் கதவைத் திறக்கப் போனார்கள்.

மாலை பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. தோளைத் தொட்டேன், திரும்பினாள். உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டேன்: "ஹால் உங்க பொறுப்புன்னு அவர் முதல் தடவை சொன்னது உனக்கு நிஜமாவே புரியலையா?"

அக்கா என் வாயை முழுசாகப் பார்த்தாள். பிறகு சீட்டில் சாய்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.